திறந்த டெஸ்ட் பெஞ்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு சிறிய அறையில் கணினி திருத்துகிறேன். கேசிங் என்ற வெளிப்பெட்டி இல்லாமல் மேசையில் விரிந்து கிடக்கும் மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகையைப் பார்த்தவுடன் யாரும் ஏதாவது கேட்காமல் போவதில்லை. தொழில் பழகும் தம்பிமார், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாகங்களை வாங்கிக்கொண்டு நேரே இங்கே வருகிற பல்கலைக்கழகப் பிள்ளைகள், சொந்தமாகக் கடை போட நினைக்கிறவர்கள் என்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். நின்ற நிலையில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்புவது எனக்கு மனதுக்குச் சரியாகப் படவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலை ஆறுதலாகச் சொல்லியிருக்கிறேன்.

"அண்ணா, டெஸ்ட் பெஞ்ச் எண்டா என்ன? கேசிங் இல்லாத கம்ப்யூட்டர்தானே?"

பார்வைக்கு அப்படித்தான் தெரியும். வேலை வேறு. மதர்போர்ட், பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் நின்று இயங்க ஒரு திறந்த சட்டம். எந்தப் பாகத்தையும் மற்றதைத் தொடாமல் ஒரு நிமிடத்தில் கழற்றி மாற்றலாம். அதுதான் டெஸ்ட் பெஞ்ச்.

பழுது கண்டுபிடிப்பது என்பது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. கேசிங்குக்குள் ஒரு ரேமை (தற்காலிக நினைவக அட்டையை) மாற்றவே சிலவேளை கூலரை (சிபியு என்ற முதன்மைச் சிப்பைக் குளிர்விக்கும் பாகத்தை) கழற்ற வேண்டியிருக்கும். அலுப்பில் இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றிவிடுவோம். பிறகு எது பழுது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நிச்சயமில்லாமல் சொல்லும் பதிலுக்குப் பணம் கொடுப்பவர் வாடிக்கையாளர். எனக்கு இந்த மேசை முக்கியமாவது அதனால்தான்.

"போர்ட் வந்த மட்டைப் பெட்டிக்கு மேலேயே வச்சுப் பார்த்தா போதாதா?"

வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்குப் போதும். மட்டை மின்சாரம் கடத்தாது, போர்டின் அடியில் வரும் சூட்டுக்குத் தீப்பிடிக்கவும் மாட்டாது. நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன்.

சிக்கல் கிராபிக்ஸ் கார்டில் வரும். மட்டைக்கு மேல் கார்டைப் பிடிக்க ஒன்றுமில்லை. மொனிட்டர் கேபிளைச் செருகும்போது கார்ட் சரிகிறது, அதன் கீழ் நுனி மட்டையில் முட்டி ஸ்லொட்டை விட்டு மேலே கிளம்புகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கார்ட் பாதி கழன்றால் ஸ்லொட்டும் போகலாம், கார்டும் போகலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கணினி பார்ப்பவர் கார்டின் உலோக நாக்கைத் திருகிப் பூட்டக்கூடிய ஒரு சட்டத்தில் செலவழிப்பது வீண் செலவில்லை.

"ரெடிமேட் வாங்குறதா, நாமளே செய்றதா?"

ரெடிமேட்டில் இரண்டு சாதி உண்டு. தெர்மல்டேக் கோர் பி3 மாதிரியானவை திறந்த கேசிங். கண்ணாடி முகப்போடு சுவரிலும் மாட்டலாம். அழகானவை. ஆனால் அவை ஒரு கணினியை நிரந்தரமாகக் காட்சிக்கு வைக்கச் செய்தவை. ஒவ்வொரு போர்டையும் முழுதாகத் திருகிப் பூட்டிக் கழற்றவேண்டும். ஸ்ட்ரீகொம் பிசி1 மாதிரியானவை வெறும் அலுமினியத் தட்டு. பாகங்களை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்காகவே செய்தது. இணையத்தில் கிடைக்கும் மலிவான இரண்டு தட்டு பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்) சட்டங்களும் அந்த வேலைக்குத்தான். வாங்கும்போது "இதில் போர்டை மாற்ற எத்தனை திருகு கழற்றவேண்டும்" என்ற ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது நானே செய்வித்தது. ஒரு மரவேலை பாசிடம் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரண்டு தட்டு வெட்டுவித்தேன். மேல் தட்டில் போர்ட், கீழ்த் தட்டில் பவர் சப்ளையும் டிரைவ்களும். பழைய கேசிங் ஒன்றின் பின்பக்கத்தில் கார்டுகளைத் திருகும் இரும்புப் பகுதியை அறுத்தெடுத்து, அலுமினிய ஆங்கிளில் நிறுத்தியிருக்கிறேன். அந்த இரும்புப் பகுதியைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்லொட் இடைவெளி அதில் மிகச் சரியாக இருக்கும். கையால் அளந்து துளைத்தால் அந்தச் சரி வராது.

"மரம் பத்திக்காதா? இரும்புதானே நல்லது?"

மரத்தில் பயம் வேண்டாம். ஈரம் இழுக்காமல் வார்னிஷ் இரண்டு தரம் பூசுங்கள். பெர்ஸ்பெக்ஸ் திருகை இறுக்கினால் துளையோரம் வெடிக்கும், உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின்னும் (உரசலில் சேரும் மின்னேற்றம்) ஏறும். இரும்பு உறுதியானதுதான், ஆனால் மேலே பூசிய பெயின்டை நம்பி அதன்மேல் எதையும் படுக்கவைக்கக் கூடாது, ஒரு கீறல் போதும் ஷோர்ட் ஆக. இப்படித் திறந்து வேலை செய்யும் மேசையில் அடித்தளம் மின்சாரம் கடத்தாததாக இருப்பதைத்தான் நான் விரும்புகிறேன்.

கம்பளம், ஸ்பொஞ்ச், மெத்தை இவற்றின் மேல் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

"எந்த அளவு போர்டுக்குச் செய்யணும்?"

ஏடிஎக்ஸ் 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. மூன்றுக்கும் பின்பக்க மூலை ஒன்றுதான், சிறிய போர்டின் துளைகளில் பெரும்பாலானவை பெரிய போர்டிலும் அதே இடத்தில் வரும். அதனால் ஏடிஎக்ஸ், மைக்ரோ ஏடிஎக்ஸ் இரண்டுக்கும் துளைத்துவிட்டால் மினி ஐடிஎக்ஸும் அதில் நிற்கும். 330 மில்லிமீட்டர் அகலமான ஈ-ஏடிஎக்ஸ் போர்டுகளும் எப்போதாவது வரும், தட்டை அதற்கேற்ப அகலமாக வெட்டுங்கள். துளைக்கும் முன் ஒரு பழுதான போர்டை அச்சாக வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டால் அளவுகோலே வேண்டாம்.

"பவர் பட்டன் இல்லையே, எப்படி ஒன் பண்றது?"

போர்டின் கீழ் ஓரத்தில் கேசிங்கின் பட்டன், விளக்கு வயர்கள் செருகும் ஒன்பது பின்கள் இருக்கும். அதில் பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்னையும் ஸ்குரூட்ரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போர்ட் எழும்பும். பெரும்பாலான போர்டுகளில் அவை 6ஆம், 8ஆம் பின்கள். ஆனாலும் போர்டின் புத்தகத்தைப் பார்த்துவிட்டே தொடுங்கள்.

அவசரத்துக்கு ஸ்குரூட்ரைவர் சரி, தினமும் வேண்டாம். கை வழுக்கினால் பக்கத்துப் பின்னில் படும். பழைய கேசிங்கிலிருந்து பவர் பட்டன், ரீசெட் பட்டன், சிறிய பீப் ஸ்பீக்கர் மூன்றையும் வயரோடு கழற்றி மேசையோரம் பூட்டிவிடுங்கள். அந்த ஸ்பீக்கர் முக்கியம். திரையில் ஒன்றுமே வராதபோது போர்ட் பேசுவது அதன் வழியாகத்தான்.

"முதல்ல எதையெல்லாம் கொழுவோணும்?"

மிகக் குறைவாக. போர்ட், சிபியு, கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை. ஹார்ட் டிஸ்க் வேண்டாம், யுஎஸ்பி ஒன்றும் வேண்டாம். சிபியுவில் கிராபிக்ஸ் இருந்தால் கார்டும் வேண்டாம். நான்கு ரேம் ஸ்லொட் உள்ள போர்டில் பெரும்பாலும் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லொட்டில்தான் தனி ரேம் போடவேண்டும். 24 பின் கேபிளைக் கொழுவிவிட்டு, சிபியுவுக்கான 8 பின் கேபிளை மறந்துபோய் "போர்ட் செத்துவிட்டது" என்று வந்தவர்கள் பலர். கூலரின் ஃபேன் வயரையும் பாருங்கள்.

இந்தக் குறைந்த கூட்டில் பயாஸ் திரை, அதாவது விண்டோஸுக்கு முன் போர்டே காட்டும் அமைப்புத் திரை வந்தால் இந்த ஐந்தும் எழும்புகின்றன என்று அர்த்தம். அதன்பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்: இரண்டாவது ரேம், கார்ட், டிரைவ். எதைச் சேர்த்தபோது நின்றதோ அங்கேதான் தேட வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்சை அணைத்துவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். கணினி ஓடாவிட்டாலும் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ஒன்று போர்டுக்கு எப்போதும் போய்க்கொண்டிருக்கும். போர்டில் எரியும் சிறிய விளக்கு அணைந்தபிறகே கை வையுங்கள்.

"தம்பி, இரும்பைத் தொட்டா கை சுரீர் எண்டுது. போர்ட் லீக்கா?"

அநேகமாக போர்ட் இல்லை, உங்கள் வீட்டு எர்த், அதாவது நிலத்தோடு இணைக்கும் பாதுகாப்பு வயர். பவர் சப்ளையின் வாயிலில் இரைச்சலை வடிகட்டும் கபாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் பூட்டியிருக்கும். எர்த் இல்லாவிட்டால் நமது 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அந்த உலோக உடம்பில் வந்து நிற்கும். மிகச் சிறிய கரண்ட்தான், ஆனாலும் கை உணரும். அந்த நிலையில் மொனிட்டர் கேபிளைச் செருகுவது கிராபிக்ஸ் கார்டுக்கும் கெடுதல்.

கொழும்பின் பழைய வீடுகளின் சுவர்களில் ப்ளக் செருகும் உருண்டைப் பின் பேஸ், சதுரப் பின் பேஸ் இரண்டும் கலந்திருக்கும். ஒன்றை மற்றதில் போட வாங்கும் மலிவான அடப்டர்கள் பலவற்றில் எர்த் பின் பெயருக்குத்தான். 13 ஆம்பியர் சதுரப் பின் பேசில் எர்த் துளைக்குள் பேனையைக் குத்தித் திறந்து இரண்டு பின் ப்ளக்கைத் திணிக்கும் பழக்கம் இன்னும் ஆபத்தானது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பிள்ளைகள் பார்க்கும்போது நிச்சயமாகச் செய்யாதீர்கள். பெஞ்சுக்கென்று எர்த் உள்ள ஒரு பேசை எலக்ட்ரீசியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்பதற்காக எர்த்தை விட்டுவிட முடியாது, இரண்டும் வேண்டும்.

"கையில கட்டுற அந்த ஸ்டேட்டிக் பட்டி நம்ம ஊருக்குத் தேவையா? இவ்வளவு ஈரக் காத்துல?"

கொழும்புக் காற்றின் ஈரத்தில் நிலைமின் குறைவாகத்தான் ஏறும், உண்மை. ஆனால் ஏசி போட்ட அறை உலர்ந்தது. பொலியெஸ்டர் உடுப்போடு பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழும்பினால் அங்கே ஏறும். பட்டி கட்டுவது நல்லது. அதற்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும், உங்களைப் பாதுகாக்கத்தான். வெறும் வயரைக் கையில் சுற்றிக்கொள்வது அதற்கு ஈடாகாது. பட்டி இல்லாவிட்டால், ப்ளக்கைச் செருகி சுவிட்சை அணைத்து வைத்த பவர் சப்ளையின் இரும்பை அடிக்கடி தொடுங்கள். மேலே சொன்ன எர்த் இருந்தால்தான் இது பலிக்கும்.

போர்டை அது வந்த வெள்ளிநிறப் பையின் மேல் வைத்து ஓட விடாதீர்கள். அந்தப் பை நிலைமின்னை மெல்லக் கடத்திவிடவே செய்தது. போர்டுக்கு அடியில் அது இருக்கவேண்டிய தேவையே இல்லை.

"திறந்து வச்சா நல்லா குளிரும்தானே?"

சிபியு, கார்ட் இரண்டுக்கும் பெரும்பாலும் ஆம். அறைக் காற்று நேரே கிடைக்கும். ஆனால் பகலில் நம் அறையே 30, 31 பாகையில் நிற்கும்போது எந்த ஃபேனும் அதற்குக் கீழே கொண்டுபோகாது.

எல்லோரும் மறப்பது மற்றப் பாகங்களை. கேசிங்குக்குள் முன்பக்க ஃபேன் தள்ளும் காற்று சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் சுற்று, போர்டிலேயே செருகும் எம்.2 டிரைவ், ரேம் எல்லாவற்றையும் தடவிக்கொண்டு போகும். திறந்த பெஞ்சில் அந்தக் காற்று இல்லை. வோட்டர் கூலர் போட்டால் சிபியுவைச் சுற்றி ஒரு அசைவும் இராது. 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை ஒரு தாங்கியில் சாய்த்துவைத்து சிபியு சொக்கெட் பக்கம் ஊத விடுங்கள். அது போதும்.

"பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைச்சா ஃபேன் சுத்துது. அப்ப சப்ளை நல்லம்தானே?"

அந்தப் பச்சை வயர் சப்ளையை எழுப்பும் வயர். சப்ளை எழும்புகிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும். சுமை ஏறியபின், அதாவது கணினி கடுமையாக வேலை செய்யும்போது, அது நிற்குமா என்பது தெரியாது. மல்டிமீட்டரை எடுத்து, கணினி ஓடும்போதே அளந்து பாருங்கள். அனுமதிக்கப்பட்ட விலகல் 5 வீதம்: 12 வோல்ட் வயரில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரை. சும்மா நிற்கும்போது 12.1 காட்டி, கார்டுக்குச் சுமை ஏற்றியதும் 11.3க்கு இறங்கினால் அந்த சப்ளையை ஒதுக்கிவையுங்கள்.

இப்போதெல்லாம் வயர்கள் முழுக்கக் கறுப்பு. 24 பின் ப்ளக்கில் 16ஆவது பின்தான் அந்தப் பச்சை வயருக்கு உரியது, இரு பக்கமும் உள்ள 15ம் 17ம் கிரவுண்ட். சப்ளையின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். ப்ளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

"வேற சப்ளையின்ட கேபிள் கிடக்கு, அதைக் கொழுவலாமா?"

கூடாது. கழற்றிப் பூட்டும் கேபிள் உள்ள சப்ளைகளில் போர்டுப் பக்க முனைதான் எல்லோருக்கும் பொதுவானது. சப்ளைப் பக்க முனையில் எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பது ஒவ்வொரு கம்பனிக்கும் வேறு, ஒரே கம்பனியின் இரண்டு மொடலுக்குமே மாறலாம். ப்ளக் அழகாகப் பொருந்தும். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். ஹார்ட் டிஸ்க் அந்தக் கணமே போய்விடும், அதற்குள் இருக்கும் கல்யாணப் படங்களும் போய்விடும். பெஞ்சின் சப்ளைக்குரிய கேபிள்கள் எல்லாவற்றிலும் நான் நீல டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

"பெஞ்சில ஓடுது, கேசிங்குக்குள்ள போட்டா ஓடுதில்ல. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு!"

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு ஒரு பிள்ளையின் ஞாபகம் வரும். கொட்டாஞ்சேனையிலிருந்து அப்பாவோடு வந்தாள், பல்கலைக்கழக இறுதி வருடம். போர்ட் செத்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று ஒரு கடையில் சொல்லியிருந்தார்கள். அப்பா காசை எண்ணி எடுத்துக்கொண்டே வந்திருந்தார். போர்டைக் கழற்றி பெஞ்சில் வைத்துப் பட்டனை அழுத்தினேன். ஒரு சிறிய பீப், திரை வந்தது. திரும்பக் கேசிங்கில் பூட்டினேன், ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது.

போர்டைத் திரும்பக் கழற்றி, பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு சோல்டர் புள்ளியின் தலையில் மட்டும் நகத்தால் கீறியது போல ஒரு மினுக்கம். கேசிங் தட்டில் அதற்கு நேர் கீழே, இந்தப் போர்டில் துளையே இல்லாத இடத்தில், போர்டைத் தாங்கித் திருகும் ஒரு பித்தளைக் கால் நின்றது. முன்பிருந்த பழைய போர்டுக்குப் பூட்டியது, மாற்றியவர் கழற்றவில்லை. அதைத் திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே பேய் இல்லை. பெஞ்சில் ஓடி கேசிங்கில் நின்றால் பார்க்க வேண்டியவை: மிதமிஞ்சிய பித்தளைக் கால், விழுந்து கிடக்கும் திருகு, பின்பக்கத் தகட்டின் நாக்கு கேபிள் செருகும் ஏதாவது துளைக்குள் போயிருப்பது, உள்ளேயே அழுந்திக்கொண்ட ரீசெட் பட்டன், முன்பக்க யுஎஸ்பியில் வளைந்து ஒட்டிய பின்.

"பெஞ்சிலயும் டிஸ்ப்ளே வருகுதில்லை. சிபியு போச்சா?"

சிபியுவைக் கடைசியில் சந்தேகியுங்கள், அது அரிதாகத்தான் போகும். முதலில் அதில் கிராபிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரின் கடைசியில் எஃப் எழுத்து உள்ள இன்டெல் சிபியுவில் இல்லை. ஏஎம்4 சொக்கெட்டுக்கான ஏஎம்டி ரைசனில் ஜி எழுத்து இருந்தால்தான் உண்டு. இவற்றுக்காகவே ஒரு பழைய சிறிய கார்டை பெஞ்சில் வைத்திருங்கள். தனி பவர் கேபிள் தேவைப்படாதது நல்லது.

டிடிஆர்5 ரேம் என்றால் பொறுமை வேண்டும். முதன்முறை எழும்பும்போது போர்ட் ரேமைப் பழக்கப்படுத்தச் சில நிமிடம் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். நான் பத்து நிமிடம் தொடுவதில்லை. இடையில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. அதன் பிறகும் இல்லையென்றால் ரேமை மற்ற ஸ்லொட்டில் போட்டுப் பார்ப்பது, பயாஸை க்ளியர் செய்வது, நாணயப் பற்றரியை அளப்பது. 3 வோல்ட் பற்றரி 2.8க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். பிறகு சிபியுவைத் தூக்கி சொக்கெட்டை டோர்ச் அடித்துப் பாருங்கள். புதிய போர்டுகளில் பின்கள் சொக்கெட்டில்தான் இருக்கின்றன. வரிசை வரிசையாக மினுங்குவதில் ஒரு இடம் மட்டும் மங்கினால் அங்கே பின் வளைந்திருக்கிறது.

"பயாஸ் அப்டேட்டும் பெஞ்சிலயே செய்யலாமா?"

செய்யலாம், கரண்ட் போனாலும் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓடவிடும் யூபிஎஸ் இருந்தால் மட்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. இப்போது நிலைமை நல்லதுதான், ஆனால் பயாஸ் பாதியில் நிற்க ஒரு விநாடி வெட்டு போதும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கும் நாட்களில் யூபிஎஸ் இருந்தாலும் வேண்டாம். ப்ளக்கையும் நெட்வேர்க் கேபிளையும் கழற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள்.

"எனக்குப் பார்க்க வடிவா இருக்கு. வீட்டில இப்படியே நிரந்தரமா வச்சிருக்கலாமா?"

கொழும்பில், அதுவும் கடற்கரை வீதிப் பக்கம், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடல் காற்றின் உப்பு ஈரத்தோடு சேர்ந்து போர்டில் படிந்தால் அதிலுள்ள செம்பு பச்சை பிடிக்கும். காலி வீதிப் பக்கம் என்றால் கறுப்புப் புகைத்தூசி. இரண்டுக்கும் மேலாகப் பல்லி. சூடான இடத்தை அது தேடி வரும். ஒருநாள் காலையில் ரேம் ஸ்லொட்டுக்குப் பக்கத்தில் அதன் எச்சத்தைக் கண்டதிலிருந்து, வேலை முடிந்து போர்ட் ஆறியதும் ஒரு பருத்தித் துணியால் மூடிவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் இந்தப் பேச்சே வேண்டாம், ஃபேன் இதழ் விரல் உயரத்தில் சுற்றும்.

"எவ்வளவு நேரம் ஓட விட்டா நம்பலாம்?"

ரேமுக்கு மெம்டெஸ்ட்86+ இலவசம். முழுச் சுற்று ஒன்றாவது பிழையில்லாமல் முடியவேண்டும், சந்தேகம் இருந்தால் இரவு முழுக்க விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். சிபியுவுக்கும் கார்டுக்கும் தனித்தனியாக அரை மணி நேரச் சுமை, பிறகு இரண்டுக்கும் சேர்த்து. சேர்த்து ஏற்றும்போதுதான் சப்ளை தன் குணத்தைக் காட்டும். தனியே விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

"பெஞ்சில நாள் முழுக்க நல்லா ஓடினது. வீட்ட கொண்டுபோய் ரெண்டாம் நாள் திரும்ப நிண்டிட்டுது. ஏன்?"

பெஞ்ச் உங்கள் வீடு மாதிரி இல்லை என்பதுதான் காரணம். இங்கே திறந்த காற்று, நல்ல எர்த், நான் நம்பும் சப்ளை, என்னுடைய கேபிள்கள். வீட்டில் மூடிய கேசிங், சுவரோடு ஒட்டிய மேசை, ஒரே மல்டி ப்ளக்கில் ஃபேனும் ரவுட்டரும். பெஞ்சில் தேறியது பாகங்கள்தான். முழுக் கணினி இன்னும் தேறவில்லை. அதனால் கடைசிச் சோதனையை நான் எப்போதும் அவர்களுடைய கேசிங்கில், அவர்களுடைய சப்ளையோடு, பக்க மூடியையும் பூட்டியபிறகே செய்கிறேன்.

ஒருமுறை ஒருவர் மூன்று தடவை திரும்ப வந்தார். மூன்று தடவையும் இங்கே ஒரு பிழையும் இல்லை. நாலாம் முறை நானே அவர் வீட்டுக்குப் போனேன். சுவரிலிருந்து சப்ளைக்குப் போகும் பவர் கேபிளின் முனை தளர்ந்து, மேசையை இழுக்கும்போதெல்லாம் விட்டுவிட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கேபிள் ஒருமுறையும் என் மேசைக்கு வந்ததில்லை. இப்போது கணினி கொண்டுவருகிற எல்லோரிடமும் வீட்டுப் பவர் கேபிளையும் கழற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டுத்தான் போனை வைக்கிறேன்.